ஏற்காட்டில் சாயங்காலம் 180 வோல்ட்தான் வருது, கீசர் சுடவே மாட்டேங்குது. 3000 வாட் வாங்கலாமா?

நாகலூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது ஏற்காட்டுல, நாகலூர் போற வழியில ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு காபித் தோட்ட வீடு. டிரான்ஸ்பார்மர்ல இருந்து வர்ற லைன்ல எங்க வீடுதான் கடைசி. மாமியாருக்கு ரெண்டு முட்டியும் வலி. கார்த்திகை பிறந்துட்டா சாயங்காலம் சுடுதண்ணி ஊத்திக்கிட்டாத்தான் ராத்திரி கண்ணை மூடுவாங்க.

கீசர் 15 லிட்டர். பின்னாடி ஒட்டியிருக்கற தகட்டுல 2000 வாட், 230 வோல்ட்னு போட்டிருக்கு. பிரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல வோல்ட்டேஜ் தெரியும். மத்தியானம் 215 காட்டுது. ஆறு மணிக்கு மேல 190 பக்கம் இறங்கிடுது. கீசர் ஸ்விட்சைத் தட்டினதும் இன்னும் இறங்கி 180 சொச்சத்துல நிக்குது, லைட்டும் மங்குது. தண்ணி சுட முக்கால் மணி நேரம் பிடிக்குது. குளிருக்கு வாங்கின ரூம் ஹீட்டரும் அப்படித்தான், கம்பி செக்கச் செவேல்னு ஆகாம மங்கலாவே கிடக்கு.

சேலம் ஐந்து ரோட்டுல ஒரு கடையில கேட்டேன், 3000 வாட் மாத்துங்கன்னு சொல்றாங்க. பக்கத்துத் தோட்டத்து அக்கா, வோல்ட்டேஜ் கம்மியா இருந்தா கரன்ட் பில் எகிறும்னு சொல்றாங்க. வேலைக்கு வந்த எலக்ட்ரீசியன் எலிமென்ட் போயிடும்னு பயமுறுத்திட்டுப் போயிட்டார். 230ல இருந்து 180ன்னா அஞ்சுல ஒரு பங்குதானே குறையுது, அதுக்கு இவ்வளவு வித்தியாசமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்மாபேட்டை தறி:

லோ வோல்ட்டேஜ்ல எதையும் ஓட்டாதீங்க மேடம். எங்க தறி மோட்டார் ரெண்டு போன வருஷம் இதுலதான் எரிஞ்சுது. வோல்ட்டேஜ் குறைஞ்சா ஆம்ப்ஸ் ஏறும், ஆம்ப்ஸ் ஏறினா எரியும். முதல்ல நல்ல ஸ்டெபிலைசர் ஒண்ணு போடுங்க.

கொண்டலாம்பட்டி வைண்டிங்:

தங்கச்சி, நான் கொண்டலாம்பட்டி பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை வச்சிருக்கேன். தறிக்கார அண்ணன் சொன்னது மோட்டாருக்கு நூத்துக்கு நூறு சரி. கீசருக்கு அது பொருந்தாது. ரெண்டும் வேற வேற ரகம். இந்தக் குழப்பத்தால ஜனங்க தேவையில்லாததுக்குச் செலவு பண்றாங்க, பார்க்க வேண்டியதை விட்டுடறாங்க. அதனால விவரமாவே எழுதறேன்.

மோட்டார் தறியை இழுத்தே ஆகணும். வோல்ட்டேஜ் குறைஞ்சா இழுவை குறையும், வேகம் தளரும், தளரத் தளரக் கரன்ட்டை அதிகமா உறிஞ்சும். அந்தக் கரன்ட்டுலதான் காயில் கருகுது. இளம்பிள்ளைப் பக்கம் இருந்து வர்ற தறி மோட்டாரைத் திறந்ததுமே காரணம் தெரிஞ்சிடும். மூணு பேஸ் காயிலும் சுத்தி வர ஒரே சீராக் கருத்து, நகத்தால கீறினா வார்னிஷ் பொடியா உதிர்ந்தா, அது பாரம் தாங்காமலோ லோ வோல்ட்டேஜ்லயோ வெந்தது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டார்ல ஒரு பங்கு காயில் மட்டும் புதுசு மாதிரி மினுங்கி, மத்த ரெண்டு பங்கும் கருகியிருந்தா, ஒரு பேஸ் கட்டாகி ஓடினது.

கீசருக்குள்ள இருக்கறது வெறும் கம்பி. அதுக்கு எதையும் இழுக்கற வேலை இல்லை. வோல்ட்டேஜ் குறைஞ்சா அதுல போற கரன்ட்டும் கூடவே குறையும். எரியறதுக்கு வழியே இல்லை. சொல்லப்போனா கம்பி கொஞ்சம் சுகமாத்தான் இருக்கும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சதுக்கு இவ்வளவான்னு கேட்டீங்க. வோல்ட்டும் குறையுது, அது தள்ளுற கரன்ட்டும் அதே அளவு குறையுது. வாட்டுங்கறது ரெண்டையும் பெருக்கி வர்றது. ரெண்டு பக்கமும் அடி விழுறதால நஷ்டம் நினைச்சதைவிடப் பெருசாயிடுது. கணக்கைப் பாருங்க. 230ஐ 230ஆல பெருக்கி 2000ஆல வகுத்தா 26.45. உங்க கீசர் கம்பியோட ஓம்ஸ், அதாவது கரன்ட்டைத் தடுக்கற அளவு அதுதான், அது அப்படியே இருக்கும். இனி எந்த வோல்ட்டா இருந்தாலும் அதை அதாலயே பெருக்கி 26.45ஆல வகுங்க. 215 வோல்ட்ல 1750 வாட் கிட்ட வரும். 200ல 1512. 180ல 1225 தான். 163 வோல்ட்டுக்கு இறங்கினா சரி பாதி, ஆயிரம் வாட். வோல்ட்ல 22 சதவீதம் போனதும் சூட்டுல 39 சதவீதம் காணாமப் போச்சு.

15 லிட்டர் தண்ணியை 16 டிகிரியில இருந்து 56 டிகிரிக்குக் கொண்டுவர 0.7 யூனிட் வேணும். 2000 வாட்ல 21 நிமிஷம். 1225 வாட்ல 34 நிமிஷம். பில் பத்தி அந்த அக்கா சொன்னதுக்கும் பதில் இதுலயே இருக்கு. கம்மி வாட், கூட நேரம், யூனிட் ஏறக்குறைய அதேதான். நேரம் நீள்றதால டேங்க் வழியாக் கொஞ்சம் சூடு கசியும், அது பெரிய கணக்கு இல்லை. முடிவா எத்தனை டிகிரின்னு தீர்மானிக்கறது உள்ள இருக்கற தெர்மோஸ்டாட். வோல்ட்டேஜுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பொறுத்திருந்தா அதே சூடு வந்தே தீரும்.

எங்க பட்டறையில வார்னிஷ்ல முக்கின ஸ்டேட்டரை (மோட்டாரோட சுத்தாத காயில் பாகத்தை) காய வைக்க ஹீட்டர் ஓவன் இருக்கு. சாயங்காலம் போட்டா 120 டிகிரியைத் தொடவே நேரத்தை இழுக்கும். அதனால காலையில முதல் வேலையா ஓவனைப் போட்டுட்டுத்தான் மத்ததைத் தொடுவோம்.

ஆனா ஒண்ணு இடிக்குது. உங்க கணக்குக்கு 34 நிமிஷம் வரணும், நீங்க முக்கால் மணின்னு சொல்றீங்க. ஸ்டெபிலைசர் காட்டற 180 பிரிட்ஜ் இருக்கற இடத்து வோல்ட்டேஜ். கீசர் பிளக்குல எவ்வளவு வருதுன்னு யாரும் பார்க்கலை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, சாயங்காலம் கீசர் ஆஃப்ல ஒரு தடவை, ஆன்ல ஒரு தடவை, மெயின் போர்டுலயும் கீசர் பாயின்ட்லயும் மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க கை வைக்காதீங்க. பாத்ரூம் ஈரத் தரை.

அஸ்தம்பட்டி இயற்பியல்:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வைண்டிங் நண்பர் சொன்ன கணக்கு சரி. மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் வரும் என்பதை ஜூல் 1841லேயே சோதனை செய்து எழுதிவிட்டார். வோல்ட்டேஜ் கூடும் அதே விகிதத்தில் கரன்ட்டும் கூடும் என்னும் ஓம் விதி அதற்கும் முந்தையது, 1827. இரண்டையும் சேர்த்தால் வோல்ட்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது தானாக வந்துவிடும். ஆனால் மின்தடை மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஹீட்டர் கம்பியில் அது ஏன் நிற்கிறது என்றால், அந்தக் கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம். ஆல்பர்ட் மார்ஷ் 1906ல் காப்புரிமை பெற்ற கலவை. செந்தணலாகச் சூடேறினாலும் அதன் மின்தடை சில சதவீதமே கூடும். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை அப்படியில்லை. எரியும்போது அதன் மின்தடை, குளிர்ந்திருக்கும்போது இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் குண்டு பல்புக்கு இந்த வர்க்கக் கணக்கை அப்படியே போட முடியாது.

இன்டக்‌ஷன் அடுப்புக்கும் போட முடியாது. உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று, கேட்ட வாட்டைக் கொடுக்கப் பார்க்கும், அதற்காகக் கரன்ட்டைக் கூட்டிக்கொள்ளும். மிகவும் இறங்கினால் அணைந்துவிடும்.

அம்மா, உங்கள் ரூம் ஹீட்டர் 800 வாட் என்று வைத்துக்கொண்டால் 180 வோல்ட்டில் 490 வாட்தான். கம்பியின் வெப்பநிலை சற்று இறங்கினாலும் அது வெளிவிடும் ஒளி மிக வேகமாக மங்கும். அதனால்தான் கண்ணுக்கு அவ்வளவு சோகையாகத் தெரிகிறது. கீசர் என்றால் பொறுத்திருந்து சூட்டைப் பெறலாம். அறை அப்படியில்லை. ஜன்னல் இடுக்கிலும் ஓட்டுக்கூரையிலும் சூடு போய்க்கொண்டே இருக்கும். 490 வாட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாவிட்டால், விடியவிடிய எரிந்தாலும் அறை கதகதப்பாகாது.

தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பாருங்கள். இந்தியாவில் முன்பு 240 வோல்ட்தான் கணக்கு, இப்போது 230. பழைய 240 வோல்ட் ஹீட்டர் முழு 230 வோல்ட் வரும்போதே 92 சதவீதம்தான் கொடுக்கும்.

நாகலூர் மருமகள்:

அண்ணாவுக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி. வேற எலக்ட்ரீசியன் வந்து ஆறரை மணிக்குப் பார்த்தார். கீசர் ஆஃப்ல மெயின் போர்டுல 192, பாத்ரூம் பாயின்ட்லயும் 192. கீசர் போட்டதும் மெயின் போர்டுல 184, பாயின்ட்ல 171. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஒரு பின் மட்டும் பழுப்பேறி இருக்கு, சாக்கெட் ஓட்டையைச் சுத்தி மஞ்சளா வெந்த மாதிரி. ஒயர் ரொம்பப் பழசு, கனம் ஒரு ஸ்கொயர் (சதுர மி.மீ.) தான் இருக்கும்னு சொன்னார். போர்டுல இருந்து பாத்ரூம் 20 மீட்டர் இருக்கும். அப்ப 3000 வாட் வாங்கறதா வேண்டாமா?

கொண்டலாம்பட்டி வைண்டிங்:

தங்கச்சி, இதைப் படிச்சதும் மனசு பக்குனு ஆச்சு. புது கீசர் பேச்சை ஒதுக்கி வச்சுட்டு முதல்ல அந்தப் பிளக்கைப் பிடுங்குங்க. மாத்தற வரைக்கும் அந்தப் பாயின்ட்ல கீசர் போட வேண்டாம்.

ஆஃப்ல ரெண்டு இடத்துலயும் 192 வந்ததை நம்பிடக்கூடாது. கரன்ட் ஓடாத ஒயர்ல வோல்ட் குறையாது, ஓட விட்டுப் பார்த்தாத்தான் கோளாறு வெளிய வரும். கீசர் போட்டதும் 192ல இருந்து 184 ஆச்சே, அந்த 8 வோல்ட் டிரான்ஸ்பார்மர்ல இருந்து உங்க வீடு வரைக்கும் வர்ற லைன்ல போறது. நீளமான லைனோட கடைசி வீடு, அது அப்படித்தான் இருக்கும். 184ல இருந்து 171க்கு இறங்கின 13 வோல்ட் இருக்கு பாருங்க, அது உங்க வீட்டுக்குள்ள போகுது.

171 வோல்ட்ல உங்க கீசர் இழுக்கறது ஆறரை ஆம்ப்ஸ். 13ஐ ஆறரையால பெருக்கினா 84 வாட். அவ்வளவு சூடு உங்க வீட்டுச் சுவத்துக்குள்ளயும் அந்தப் பிளக்குலயும் உட்கார்ந்திருக்கு. ஒரு ஸ்கொயர் செம்பு ஒயர் போக வர 40 மீட்டர்னா, நல்ல நிலையில இருந்தா 5 வோல்ட்தான் குடிக்கணும். மிச்சம் 8 வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்ட்லயோ பிளக்குலயோ போகுது. அது மட்டும் 50 வாட்டுக்கு மேல. நாங்க ஈயம் உருக்கி ஒட்டற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதுல ரெண்டை உங்க பிளக்குக்குள்ளயும் ஜாயின்ட்லயும் சொருகி வச்ச மாதிரி. பின் பழுப்பானதுக்கும் சாக்கெட் மஞ்சளானதுக்கும் இதுதான் காரணம். அந்த 84 வாட்டும் மீட்டர் தாண்டி வந்தது, உங்க பில்லுலதான் ஏறும்.

171ல கீசருக்கு வர்ற வாட் 1105தான். 38 நிமிஷம் ஆகும். மலையில தண்ணி இன்னும் ஜில்லுனு இறங்கினா நீங்க சொன்ன முக்கால் மணி வந்துடும்.

செய்ய வேண்டியது என்னன்னா, மெயின் போர்டுல இருந்து கீசருக்குன்னு தனியா ரெண்டரை ஸ்கொயர் செம்பு ஒயர், நடுவுல ஜாயின்ட் இல்லாம ஒரே இழுப்பா. பின்னாடி 3000 வாட் யோசனை இருந்தா நாலு ஸ்கொயராவே இழுத்துடுங்க. 16 ஆம்ப்ஸ் சாக்கெட், தனி எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினா தானா அணையற ஸ்விட்ச்), எர்த் கட்டாயம், கூடவே ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிஞ்சா தானா அணையற ஸ்விட்ச்). பேஸ் பக்கம் மட்டும் புது ஒயர் போட்டுட்டு நியூட்ரலை, அதாவது கரன்ட் திரும்பிப் போற ஒயரை, பழைய ஜாயின்ட்லயே முறுக்கி விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. நின்னு பார்த்துச் செய்ய வைங்க. இது முடிஞ்சா பாயின்ட்ல 181 வரும், கீசர் 1245 வாட் கொடுக்கும். அதே லைன், அதே கீசர்.

3000 வாட் விஷயம். அதோட ஓம்ஸ் 17.6. கரன்ட் அதிகமா இழுக்கறதால லைன் இன்னும் இறங்கும். 10 ஆம்ப்ஸ் இழுக்கும், கீசருக்கு 177 வோல்ட் வரும், 1770 வாட் கிடைக்கும். தண்ணி 24 நிமிஷத்துல ரெடி. அது உண்மைதான், மறுக்கலை. ஆனா அந்த நேரத்துல உங்க வீடு முழுக்க 180க்குக் கீழ போயிடும். லைட் போனாப் போகுது. பிரிட்ஜுக்குள்ள இருக்கறது மோட்டார். தறிக்கார அண்ணன் சொன்ன ஆபத்து அங்கதான் இருக்கு. உங்க பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் எத்தனை வோல்ட் வரைக்கும் தாங்கும்னு பார்க்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

கீசருக்கு ஸ்டெபிலைசர் போட்டாலும் இதே கதைதான். அது வோல்ட்டைத் தூக்கிக் கொடுக்கும், அதுக்கு ஈடா லைன்ல இருந்து கரன்ட்டைக் கூட்டி இழுக்கும். லைன் இன்னும் சரியும். அந்த லைன்ல இருக்கற எல்லாத் தோட்ட வீடும் ஆளுக்கு ஒண்ணு மாட்டினா எல்லாருக்கும் சேர்ந்து இறங்கும்.

என் யோசனை இது. மத்தியானம் 215 வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. புது ஒயர்ல மூணு மணிக்குப் போட்டா கீசருக்கு 200க்கு மேல வரும், அரை மணிக்குள்ள சுட்டு கீசர்ல இருக்கற லைட் அணைஞ்சிடும். ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க. டேங்கைச் சுத்திப் பஞ்சு மாதிரி மெத்தை வச்சிருக்கறதே சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான். ஆறு மணிக்கு அம்மா குளிக்கப் போகும்போது நல்ல சூடாவே இருக்கும். பைசா செலவில்லை.

சூரமங்கலம் வாசி:

இதோட ஒரு சந்தேகம். பையன் அமெரிக்காவுல இருந்து வரும்போது ஒரு ரூம் ஹீட்டர் கொண்டுவந்தான். 120 வோல்ட், 1500 வாட்னு இருக்கு. ஏற்காடு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? அங்கதான் வோல்ட்டேஜ் கம்மியாச்சே, தாங்காதா?

கொண்டலாம்பட்டி வைண்டிங்:

வேண்டாங்க. அதோட ஓம்ஸ் 9.6. 180 வோல்ட்ல போட்டாலே 3375 வாட், முழு 230 வந்தா 5500 வாட். 24 ஆம்ப்ஸ் இழுக்கும். கம்பி அறுந்து போனா நல்ல நேரம், பிளாஸ்டிக் பத்திக்கிட்டா என்ன பண்றது? ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கணும்னா 2 கேவிஏ வேணும், அதைத் தூக்கிட்டு இருபது கொண்டை ஊசி ஏறறதுக்கு இங்கயே ஒரு ஹீட்டர் வாங்கிடலாம்.

ஓமலூர் லைன்:

லைன் வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். லைன் பக்கத்து விஷயம் ஒண்ணு ரெண்டு சொல்றேன்.

பழைய 1956 மின்சார விதிகள்லயே வீட்டுக்கு வர்ற வோல்ட்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல ஏறவோ இறங்கவோ கூடாதுன்னு இருந்துச்சு. 230க்கு அது 216ல இருந்து 244. 192ங்கறது அதுக்கு ரொம்பக் கீழ. எந்த நேரத்துல எத்தனை வோல்ட்னு ஒரு வாரம் குறிச்சு வச்சு, அதே லைன்ல இருக்கற மத்த வீட்டுக்காரங்களையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல எழுத்து மூலமாக் கொடுங்க. மூணு பேஸ்ல ஒண்ணுல மட்டும் பாரம் கூடியிருந்தா சில வீடுகளை வேற பேஸுக்கு மாத்தினாலே நல்லாயிடும். டிரான்ஸ்பார்மர்ல டேப் (வெளிய வர்ற வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கற இணைப்பு) மாத்தலாம். கம்பி மெலிசா இருந்தா மாத்தணும், அதுக்குத்தான் நாளாகும்.

இன்னொண்ணு, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். வோல்ட்டேஜ் மெதுவா இறங்கறது வேற, திடீர்னு உங்க வீட்டுல லைட் பளிச்சுனு எரிஞ்சு பக்கத்து வீட்டுல மங்கறது வேற. அது நியூட்ரல் விட்டுப் போனதுக்கு அடையாளம். அப்ப ஒரு வீட்டுக்கு 300 வோல்ட் கூட வந்துடும். உங்க 2000 வாட் கீசர் 300 வோல்ட்ல 3400 வாட். டிவி, பிரிட்ஜ் எல்லாம் நிமிஷத்துல போயிடும். யோசிக்காம மெயினை இறக்கிட்டு அப்புறம் போன் பண்ணுங்க. மலையில காத்து மழை அடிச்சு சில்வர் ஓக் கிளை லைன்ல விழுற காலத்துல இது நடக்கும்.

நாகலூர் மருமகள்:

அண்ணா, நேத்து ஒயர் இழுத்தாச்சு, நாலு ஸ்கொயர். எலக்ட்ரீசியன் நியூட்ரலைப் பழைய இடத்துலயே விடப் பார்த்தார், நீங்க எழுதினதைக் காட்டி மாத்த வச்சேன். பழைய ஜாயின்ட்டைப் பிரிச்சா டேப் உருகி ஒயரோட ஒட்டிக் கிடந்துச்சு. ஆறரை மணிக்கு கீசர் ஆன்ல மெயின் போர்டுல 183, பாயின்ட்ல 182.

மத்தியானம் மூணு மணிக்குப் போட்டு அணைச்சும் பார்த்தோம், சாயங்காலம் பச்சைத் தண்ணி கலந்துதான் ஊத்த வேண்டி இருந்துச்சு. 3000 வாட் வாங்கலை. லைன்ல இருக்கற மத்த வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு இருக்கேன். பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் தகட்டுல 170 முதல் 270னு போட்டிருக்கு, அது போதுமா?

கொண்டலாம்பட்டி வைண்டிங்:

183க்கு 170 போதும் தங்கச்சி. பொங்கல் சமயம் மேல இருக்கற லாட்ஜ் எல்லாம் நிறைஞ்சா இன்னும் இறங்கும், அப்ப மட்டும் ஒரு கண் வச்சுக்கங்க. 170க்குக் கீழ அடிக்கடி போனா 130ல இருந்து தாங்கற மாதிரி வேற வாங்கிடுங்க.